வீட்டுக் கடன் காத்திருப்புக் காலத்தில் சிறுகடன்

வீடு வாங்க முன்பணம் கொடுத்த நாளுக்கும், கிரயப் பத்திரம் பதிவாகி வங்கி கடன் தொகையை விற்பவருக்குக் கொடுக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் காத்திருப்புக் காலம் எனப்படுகிறது. இந்தக் காலத்தில் வாங்குபவர் எடுக்கும் கைப்பேசித் தவணை, கடன் அட்டைத் தவணை, செயலிக் கடன், நகைக்கடன், தனிநபர் கடன் போன்ற சிறு தொகைக் கடன்கள் இக்கட்டுரையில் சிறுகடன் என்று குறிக்கப்படுகின்றன. சிறுகடனின் தொகை வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் வங்கி பார்ப்பது கடனின் மொத்தத் தொகையை அல்ல, அதற்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணையை. அதனால் சில ஆயிரம் ரூபாய் தவணை ஒன்று வீட்டுக் கடனில் சில லட்சங்களைக் குறைத்துவிட முடியும். இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இந்தக் காலத்தில் சிறுகடன் எவ்வாறு வீட்டுக் கடனைப் பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காத்திருப்புக் காலத்தின் கட்டங்கள்

கட்டி முடித்த வீட்டையோ பழைய வீட்டையோ வங்கிக் கடனில் வாங்கும்போது பொதுவாக நடைபெறும் வரிசை இது:

1. விலை பேசி முன்பணம் கொடுத்தல். விற்பனை ஒப்பந்தம் எழுதுதல்.
2. சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றுடன் கடனுக்கு விண்ணப்பித்தல்.
3. வங்கி கடன் அறிக்கையைப் பெற்று மனுதாரரின் திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடுதல்.
4. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை வங்கி வழக்கறிஞர் பார்த்துக் கருத்துரை தருதல். மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து மதிப்பிடுதல்.
5. வங்கி ஒப்புதல் கடிதம் வழங்குதல்.
6. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாதல். அதையொட்டி வங்கி வரைவோலையாகவோ கணக்குப் பரிமாற்றமாகவோ தொகையை விற்பவருக்கு வழங்குதல்.

இவை அனைத்தும் முடியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். பட்டாவில் பெயர் மாறாமல் இருப்பது, வாரிசுச் சான்று தேவைப்படுவது, விற்பவரின் பழைய கடன் தீராமல் இருப்பது போன்ற காரணங்களால் காலம் நீளும். தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஆடி, மார்கழி மாதங்களில் பத்திரம் பதிவதைப் பலர் தவிர்ப்பதால், ஆனி இறுதியில் ஒப்புதல் கடிதம் பெற்றவர் ஆவணி முகூர்த்தத்துக்காகக் காத்திருப்பது வழக்கம். முகூர்த்த நாட்களில் கூட்டம் மிகுவதால் பதிவுத்துறை அந்நாட்களில் கூடுதல் டோக்கன்களை ஒதுக்குவதுண்டு. கடைகளில் ஆடித் தள்ளுபடி நடப்பதும் இதே காத்திருப்பு மாதத்தில்தான்.

கட்டப்பட்டு வரும் அடுக்குமாடி வீடுகளில் இந்தக் காலம் இன்னும் நீளமானது. கட்டுமானம் முன்னேற முன்னேற வங்கி தொகையைப் பகுதி பகுதியாகத் தருகிறது. இறுதித் தவணை வழங்கப்படும் வரை காத்திருப்புக் காலம் தொடர்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சிறுகடன் எடுக்கப்படும் சூழல்கள்

இந்தக் காலத்தில் சிறுகடன் எடுப்பவர்கள் அனைவரும் ஆடம்பரத்துக்காக எடுப்பதில்லை. காரணங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது, கைப்பணம் தீர்ந்துபோதல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் மட்டுமே வங்கி கடன் தரலாம். மீதியை வாங்குபவர் தன் கையிலிருந்து போட வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வீடுகள் தவிர மற்றவற்றில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, ஒப்பந்த விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மீது இது கணக்கிடப்படுகிறது. பதிவு நாள் நெருங்கும்போது இந்தத் தொகையைத் திரட்ட நகையை அடகு வைப்பதும் தனிநபர் கடன் எடுப்பதும் பரவலாக உள்ளன.

இரண்டாவது, புது வீட்டுக்கான பொருட்கள். குடிபுகும் முன்பே குளிர்சாதனப்பெட்டி, கட்டில், சலவை இயந்திரம், மாடுலர் சமையலறை ஆகியவற்றை முன்பதிவு செய்கின்றனர். கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டால் இந்த அவசரம் கூடுகிறது. "வட்டியில்லாத் தவணை" என்ற அறிவிப்பு இதை எளிதாக்குகிறது.

மூன்றாவது, வீட்டோடு தொடர்பில்லாத செலவுகள். கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு, பழுதான இருசக்கர வாகனத்துக்கு மாற்று ஆகியவை வீடு வாங்கும் வரை காத்திருப்பதில்லை. சேமிப்பு முழுவதும் முன்பணமாகப் போய்விட்டதால் இவற்றுக்குக் கடனே வழியாகிறது.

வங்கி கணக்கிடும் முறை

சம்பளக்காரர் ஒருவருக்கு எவ்வளவு வீட்டுக் கடன் தரலாம் என்பதை வங்கி இரண்டு வரம்புகளைக் கொண்டு முடிவு செய்கிறது. ஒன்று, மேலே கூறிய வீட்டு மதிப்பு வரம்பு. மற்றது, வருமான வரம்பு. கையில் வரும் மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்கிறது. இந்த விகிதம் வருமானத்துக்கு ஏற்ப மாறும். நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பொதுவாக 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இரண்டு வரம்புகளில் எது குறைவோ அதுவே கிடைக்கும் கடன்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். மாதம் 60,000 ரூபாய் கையில் பெறும் ஒருவர் 42 லட்சம் ரூபாய் வீட்டுக்கு விலை பேசியுள்ளார் என்று கொள்வோம். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள், தவணை விகிதம் 50 சதவீதம். இந்த வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய்.

- தவணைக்கு ஒதுக்கக்கூடிய தொகை: மாதம் 30,000 ரூபாய்.
- வருமான வரம்புப்படி கடன்: சுமார் 34.57 லட்சம்.
- வீட்டு மதிப்பு வரம்புப்படி கடன், அதாவது 42 லட்சத்தில் 80 சதவீதம்: 33.60 லட்சம்.
- கிடைக்கும் கடன்: 33.60 லட்சம்.
- கையிலிருந்து போட வேண்டியது: விலையில் 8.40 லட்சம், பதிவுச் செலவு 3.78 லட்சம். மொத்தம் 12.18 லட்சம்.

இவர் இந்த நிலையில் 36,000 ரூபாய் கைப்பேசியை மாதம் 3,000 ரூபாய் வீதம் 12 தவணைகளில் வாங்குகிறார். இப்போது கணக்கு மாறுகிறது.

- தவணைக்கு ஒதுக்கக்கூடிய தொகை: 27,000 ரூபாய்.
- வருமான வரம்புப்படி கடன்: சுமார் 31.11 லட்சம்.
- கிடைக்கும் கடன்: 31.11 லட்சம்.
- கையிலிருந்து கூடுதலாகப் போட வேண்டியது: சுமார் 2.49 லட்சம்.

36,000 ரூபாய் பொருளால் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய் பற்றாக்குறை ஏற்படுகிறது. கைப்பேசித் தவணை ஓராண்டில் முடிந்துவிடும், வீட்டுக் கடன் 20 ஆண்டுகள் நீளும். ஆனாலும் வருமான வரம்புக் கணக்கு இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தே பார்க்கிறது. 20 ஆண்டுக் கடனில் மாதம் 3,000 ரூபாய் என்பது சுமார் 3.46 லட்சம் ரூபாய்க் கடனுக்குச் சமம். இந்த எடுத்துக்காட்டில் வீட்டு மதிப்பு வரம்பு ஏற்கெனவே சற்றுக் குறைவாக இருந்ததால் இழப்பு 2.49 லட்சத்தோடு நின்றது.

வருமானம் தேவைக்கு மேல் தாராளமாக இருப்பவருக்கு இதே கைப்பேசித் தவணையால் எந்தப் பாதிப்பும் இராது. மாதம் 1,00,000 ரூபாய் பெறுபவர் இதே வீட்டை வாங்கினால் 3,000 ரூபாய் கழித்த பின்னும் வீட்டு மதிப்பு வரம்பே குறைவாக இருக்கும், கடன் தொகை மாறாது. ஆகவே சிறுகடன் ஆபத்தானதா என்பது கடனின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. வருமான வரம்புக்கும் தேவையான கடனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது என்பதைப் பொறுத்தது. விளிம்பில் நிற்பவருக்கே அது ஆபத்து.

ஒவ்வொரு வகைச் சிறுகடனும் கணக்கில் வரும் விதம்

கடன் அட்டை: அட்டைக்கு நிலையான மாதத் தவணை இல்லை. ஆகவே பல வங்கிகள் நிலுவைத் தொகையில் 5 சதவீதத்தை மாதப் பொறுப்பாகக் கொள்கின்றன. 40,000 ரூபாய் நிலுவை இருந்தால் மாதம் 2,000 ரூபாய். மேற்கண்ட வட்டியில் அது 2.30 லட்சம் ரூபாய்க் கடனுக்குச் சமம். அட்டையின் வரம்பில் பெரும்பகுதியைப் பயன்படுத்தியிருப்பது கடன் மதிப்பெண்ணையும் குறைக்கும்.

வட்டியில்லாத் தவணை: கடன் அட்டையில் உண்மையான வட்டியில்லாத் தவணை என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி வேறு பெயரிலோ தள்ளுபடி இழப்பாகவோ வசூலாகிறது. வட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக் கடன் கணக்கில் அது தவணைதான்.

செயலிக் கடனும் "இப்போது வாங்கு, பிறகு செலுத்து" வசதியும்: மளிகை வாங்கும்போதோ பயணச்சீட்டு எடுக்கும்போதோ ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் இவ்வசதியைப் பலர் கடனாகவே கருதுவதில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட எண்மக் கடன் வழிகாட்டுதல்களின்படி, செயலி வழியாகத் தரப்படும் எந்தக் கடனும், அதன் தன்மையும் காலமும் எதுவாயினும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். 800 ரூபாய்க் கடனும் கடன் அறிக்கையில் ஒரு கணக்காகத் தோன்றும். அதில் ஒருமுறை தவணை தவறினால் அதுவும் பதிவாகும்.

நகைக்கடன்: வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் நகைக்கடனும் கடன் அறிக்கையில் இடம்பெறுகிறது. முடிவில் மொத்தமாகத் திருப்பும் வகை நகைக்கடனுக்கு மாதத் தவணை இல்லை. அதை எப்படிக் கணக்கில் கொள்வது என்பது வங்கிக்கு வங்கி மாறும். சில வங்கிகள் மாத வட்டியை மட்டும் கழிக்கின்றன.

தனிநபர் கடன்: ஈடு இல்லாத கடன் என்பதால் தவணை அதிகம், காலம் குறைவு. எனவே தகுதியைக் குறைப்பதில் இதுவே முதலிடம். கையிலிருந்து போட வேண்டிய பங்கையே தனிநபர் கடனால் நிரப்புவதை வங்கிகள் விரும்புவதில்லை. தன் பணமாக எதையும் போடாதவர் என்ற எண்ணத்தை அது ஏற்படுத்துகிறது.

சீட்டும் கைமாற்றும்: ஏலச்சீட்டை எடுத்த பின் கட்ட வேண்டிய மாதச் சந்தா, வட்டிக்கு வாங்கிய கைக்கடன் ஆகியவை பெரும்பாலும் கடன் அறிக்கையில் வருவதில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு தரும் வங்கிக் கணக்கு அறிக்கையில் மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரே தொகை வெளியேறுவது தெரியும். வங்கி அதற்கு விளக்கம் கேட்கலாம்.

பிணை: நண்பரின் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திட்டாலும் அது கையெழுத்திட்டவரின் கடன் அறிக்கையில் பதிவாகும். பணம் கைக்கு வராத கடனானாலும் வங்கி அதைக் கணக்கில் எடுக்கக்கூடும்.

கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால் இருவருடைய சிறுகடன்களும் கூட்டப்படும். நுண்நிதி நிறுவனங்கள் தரும் மகளிர் குழுக் கடன்களும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. வாரத் தவணையாகக் கட்டி வரும் குழுக் கடன் ஒன்று கூட்டு விண்ணப்பத்தில் வெளிப்படுவது அரிதன்று.

கடன் அறிக்கையும் மதிப்பெண்ணும்

இந்தியாவில் கடன் தகவல்களைத் திரட்டும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். இவை 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. இவற்றுள் பழையதான சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதனால் கடன் மதிப்பெண்ணையே பொதுமக்கள் "சிபில்" என்று அழைக்கின்றனர். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமைகிறது.

புதிய சிறுகடன் மதிப்பெண்ணை இரண்டு இடங்களில் தொடுகிறது. விண்ணப்பித்தவுடன் கடன் தருபவர் அறிக்கையைக் கேட்டுப் பெறுவது ஒரு விசாரணையாகப் பதிவாகிறது. குறுகிய காலத்தில் பல விசாரணைகள் சேர்ந்தால், மனுதாரர் பணத்துக்கு அலைகிறார் என்று அது பொருள்படும். பிறகு கணக்குத் தொடங்கியதும் புதிய கடனாக அது பதிவாகிறது. ஒருவர் தன் அறிக்கையைத் தானே பார்ப்பது இவ்வாறு விசாரணையாகக் கருதப்படாது, அதனால் மதிப்பெண் குறையாது.

ஒரே ஒரு சிறுகடனால் மதிப்பெண் பெருமளவு வீழ்வது அரிது. ஆயினும் பல வங்கிகள் வட்டி விகிதத்தை மதிப்பெண் படிநிலைகளோடு இணைத்துள்ளன. படிநிலையின் எல்லையில் இருப்பவர் சில புள்ளிகள் இறங்கினாலும் அடுத்த வட்டிக்குத் தள்ளப்படலாம். 33.60 லட்சம் ரூபாய்க் கடனில் 8.5 சதவீதத்துக்குப் பதிலாக 8.75 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 534 ரூபாய் கூடும். வேறுபாடு அப்படியே நீடித்தால் 20 ஆண்டுகளில் சுமார் 1.28 லட்சம் ரூபாய்.

முன்பு கடன் விவரங்கள் மாதம் ஒருமுறை அறிக்கையில் ஏறின. 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையோ அதற்குக் குறைந்த இடைவெளியிலோ கடன் நிறுவனங்கள் விவரங்களைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பதினைந்து நாள் முடிந்த ஏழு நாட்களுக்குள் விவரம் அனுப்பப்பட வேண்டும், அடுத்த ஐந்து நாட்களுக்குள் அது அறிக்கையில் ஏற வேண்டும். அதாவது, மாதத்தின் 3-ஆம் தேதி எடுத்த கடன் 27-ஆம் தேதிக்குள் வீட்டுக் கடன் தரும் வங்கியின் கண்ணில் படும். பதிவு முடியும் வரை தெரியாது என்ற பழைய நம்பிக்கை இனி பொருந்தாது.

ஒப்புதலுக்குப் பிந்தைய சரிபார்ப்பு

ஒப்புதல் கடிதம் கிடைத்தவுடன் கடன் உறுதியாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அக்கடிதம் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வரையே செல்லும். விண்ணப்பித்தபோது இருந்த வருமானமும் கடன் பொறுப்புகளும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதும், மாறினால் வங்கி கடனைக் குறைக்கவோ நிறுத்தவோ உரிமை உண்டு என்பதும் அதன் நிபந்தனைகளில் அடங்கும்.

வங்கி மீண்டும் கடன் அறிக்கையைப் பார்க்க வாய்ப்புள்ள சமயங்கள் இவை:

- ஒப்புதலுக்கும் பதிவுக்கும் இடையே பல வாரங்கள் கடந்துவிட்டபோது.
- ஒப்புதல் கடிதத்தின் காலம் முடிந்து புதுப்பிக்கக் கோரும்போது. ஆடியைக் கடக்கக் காத்திருப்பவர்களுக்கு இது நேர வாய்ப்பு அதிகம்.
- கடன் தொகையைக் கூட்டித் தருமாறு கேட்கும்போது.
- கட்டப்பட்டு வரும் வீட்டில் அடுத்த பகுதியை வழங்கும் முன்.

இச்சமயத்தில் புதிய தவணை தென்பட்டால் வங்கி விளக்கம் கேட்கலாம், தொகையைக் குறைக்கலாம், அந்தக் கடனை முடித்த சான்றைக் கேட்கலாம், அல்லது மறுமதிப்பீட்டுக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பலாம். கடன் முற்றிலும் மறுக்கப்படாவிட்டாலும் தாமதம் ஏற்படும். பதிவு நாள் குறித்து டோக்கனும் எடுத்த பின் வரும் தாமதமே பெரிய இடராக முடியும்.

முன்பணம் என்ற பிணையம்

தாமதமோ பற்றாக்குறையோ ஏற்பட்டால் முதலில் ஆபத்துக்குள்ளாவது முன்பணம். விற்பனை ஒப்பந்தத்தில் பொதுவாக மூன்று மாதம், ஆறு மாதம் என்று கெடு எழுதப்படுகிறது. கெடுவுக்குள் மீதித் தொகையைக் கொடுத்துப் பத்திரம் முடிக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்ற வாசகமும் பெரும்பாலும் இருக்கும்.

2012-இல் சதீஷ் பத்ரா எதிர் சுதிர் ராவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது குறித்து ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு ஈடாகக் கொடுத்த உறுதிப்பணத்தை, வாங்குபவரின் தவறால் விற்பனை முறிந்தால், விற்பவர் எடுத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த தொகையை அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியாது. கொடுத்த பணம் எந்த வகை என்பது ஒப்பந்த வாசகங்களைப் பொறுத்தது.

கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் வாங்குபவர் புதுக் கடன் எடுத்ததால்தான் வங்கிக் கடன் குறைந்தது என்றால், தவறு வாங்குபவருடையது என்று விற்பவர் வாதிட இடம் ஏற்படும். கட்டப்பட்டு வரும் வீடுகளைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது.

சிறுகடன் தவிர்க்க முடியாதபோது

மருத்துவம் போன்ற தேவைகளைத் தள்ளிப்போட முடியாது. அத்தகைய நிலையில் பாதிப்பைக் குறைக்கப் பின்வரும் வழிகள் உள்ளன.

- கடன் எடுக்கும் முன் வீட்டுக் கடன் அதிகாரியிடம் தெரிவித்து, புதிய தவணையைச் சேர்த்துத் தகுதியைக் கணக்கிட்டுத் தருமாறு கேட்டல். தெரிவித்துவிட்டு எடுத்த கடன் கணக்கை மட்டுமே மாற்றும். மறைத்துக் கண்டுபிடிக்கப்பட்ட கடன் நம்பிக்கையையும் கெடுக்கும்.
- மாதத் தவணை குறைவாக அமையும் வகையைத் தேர்தல். ஒரே தொகைக்குத் தனிநபர் கடனைவிட மொத்தமாகத் திருப்பும் நகைக்கடன் மாதக் கணக்கைக் குறைவாகப் பாதிக்கலாம்.
- வீட்டுக்காகத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துதல். இது கடன் அன்று, தவணையும் இல்லை.
- வீட்டுக் கடன் காலத்தை நீட்டிக்க முடியுமா, வருமானமுள்ள குடும்ப உறுப்பினரைச் சேர்க்க முடியுமா என்று வங்கியிடம் கேட்டல்.
- செயலியில் தவறுதலாகவோ அவசரத்திலோ எடுத்த கடனை உடனே திருப்புதல். எண்மக் கடன்களுக்குக் குறைந்தது ஒரு நாள் மறுபரிசீலனைக் காலம் தரப்பட வேண்டும் என்பது விதி. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டி முதலிய செலவையும் செலுத்தி, அபராதமின்றி வெளியேறலாம். கடன் நிறுவனம் முன்கூட்டியே தெரிவித்திருந்தால் நியாயமான ஒருமுறைக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட சிறுகடனை முடித்துவிடுவது பல வேளைகளில் எளிதான தீர்வு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 36,000 ரூபாயைக் கட்டி முடித்தால் 33.60 லட்சம் ரூபாய்க் கடன் மீண்டும் கிடைக்கும். முடித்த விவரம் அறிக்கையில் ஏறச் சில வாரங்கள் ஆகும் என்பதால் கடன் தீர்ந்த சான்றைக் கையோடு பெற்று வங்கியில் தருவது வழக்கம். சில வங்கிகள், இன்னும் சில மாதங்களே மீதமுள்ள தவணைகளைக் கணக்கில் கழிப்பதில்லை.

கடனை முழுமையாகக் கட்டி முடிப்பதும், ஒரு பகுதியைக் கட்டிச் சமரசம் செய்துகொள்வதும் ஒன்றல்ல. சமரசம் செய்த கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று குறிக்கப்படும். கடன் தருபவர் பணத்தை முழுவதும் பெறவில்லை என்பதே அதன் பொருள். வீட்டுக் கடன் வேண்டுபவருக்கு இது புதிய சிறுகடனைவிடப் பெரிய தடை.

பரவலான தவறான கருத்துகள்

கடன் எடுத்துச் சரியாகக் கட்டினால் மதிப்பெண் கூடும், எனவே காத்திருப்புக் காலத்தில் ஒரு சிறுகடன் எடுப்பது நல்லது என்ற கருத்து உண்டு. ஒழுங்காகக் கட்டப்பட்ட கடன் நீண்டகால நோக்கில் மதிப்பெண்ணுக்கு உதவும் என்பது உண்மை. அதற்கு மாதங்கள், ஆண்டுகள் தேவை. சில வாரங்களில் தெரிவது புதிய விசாரணையும் புதிய தவணையும் மட்டுமே. கடன் வரலாறே இல்லாதவர் வரலாற்றை உருவாக்க விரும்பினால் வீடு தேடத் தொடங்கும் முன்பே, நெடுங்காலம் முன்பாக, அதைச் செய்ய வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. பயன்படுத்தாத பழைய கடன் அட்டைகளைக் காத்திருப்புக் காலத்தில் அவசரமாக மூடுகின்றனர். நிலுவையில்லாத பழைய அட்டையை மூடினால் மொத்த வரம்பு குறைந்து, மற்ற அட்டைகளில் உள்ள நிலுவையின் விகிதம் கூடுகிறது. வங்கி கேட்காதவரை அதை அப்படியே விட்டுவைப்பதே பொதுவான வழக்கம்.

அறிக்கையைச் சரிபார்த்தல்

எடுக்காத கடன் ஒன்று அறிக்கையில் இருப்பதும், முடித்த கடன் முடியாததாகக் காட்டப்படுவதும் உண்டு. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. நான்கு நிறுவனங்களிடமும் தனித்தனியே இதைப் பெறலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுவது, திருத்தத்துக்குப் போதிய காலம் தரும்.

தவறு இருந்தால் அந்நிறுவனத்திடமோ கடன் தந்தவரிடமோ முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற வகை உள்ளது. அதன் பிறகும் தீராத முறையீட்டை ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கொண்டு செல்லலாம்.

காத்திருப்புக் காலம் முடியும் இடம்

கிரயப் பத்திரம் பதிவாகி, முழுக் கடன் தொகையும் விற்பவருக்குச் சென்று சேர்ந்த பின், புதிய சிறுகடனால் அந்த வீட்டுக் கடனின் தொகை குறையாது. கட்டில், சலவை இயந்திரம், கைப்பேசி ஆகியவற்றை அதன் பிறகு தவணையில் வாங்குவது குடும்ப வரவுசெலவு சார்ந்த முடிவு மட்டுமே. அப்போதும் வீட்டுத் தவணை, புதிய தவணைகள், வீட்டு வரி, பராமரிப்புக் கட்டணம் ஆகிய அனைத்தும் ஒரே சம்பளத்திலிருந்து போக வேண்டியவை. முதல் இரண்டு மூன்று வீட்டுத் தவணைகளைக் கட்டிப் பார்த்து, மாத இறுதியில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்த பின் புதிய கடனை முடிவு செய்வது பாதுகாப்பானது.